பின்னால் வருகிறவர்கள்

அத்தையோடு எங்கே போனாலும் நாங்கள் அவருக்கு முன்னால்தான் நடக்க வேண்டும். கடைக்குப் போனாலும் சரி, கோயிலுக்குப் போனாலும் சரி, குழந்தைகள் யாரும் அவருக்குப் பின்னால் வரக் கூடாது. செருப்பு வார் அறுந்தது, முள் குத்திவிட்டது என்று எவளாவது பின்தங்கினால் அவரும் நின்றுவிடுவார். "முன்னால நடங்கடி" என்பதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ, அண்ணாமலையாருக்கே வெளிச்சம்.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. எங்களுக்கு எதிர்வீடு. செங்கம் ரோட்டிலிருந்து பிரிந்து மலையைப் பார்த்தபடி போகும் தெருவில், மாடி வைத்துக் கட்டிய முதல் வீடு அவருடையது. அந்த மாடி அறைகளை ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். மாமாவுக்கு மின்வாரியத்தில் வேலை. மாமா அதிகம் பேச மாட்டார். அத்தையிடமும் பேச மாட்டார். கூடத்துச் சுவரில் மாலை போட்ட ஒரு சிறுவனின் படம் உண்டு. அவர்களுடைய ஒரே மகன், ரோட்டில் லாரி அடித்துச் செத்துப்போனான் என்பது வரை எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

பௌர்ணமிக்கு மலை சுற்றப் போகும்போது அத்தை எங்களையும் கூட்டிப்போவார். தொண்ணூறுகளில் பௌர்ணமிக் கூட்டம் ஜாஸ்தியாகிக்கொண்டே வந்தது. ஊரே மலையைப் பார்த்து நடக்கும். அத்தை மட்டும் எங்கள் பின்னந்தலைகளைப் பார்த்தபடி நடப்பார். அவர் மலையைத்தான் சுற்றினாரா எங்களைச் சுற்றினாரா என்று எனக்கு இன்றும் சந்தேகம். எங்களோடு நிறுத்தினாலாவது பரவாயில்லை. ஊர் பேர் தெரியாதவர்களையும் விட மாட்டார்.

"ஏங்க, உங்க பையன் பின்னால வர்றான் பாருங்க."

"தெரியும்மா."

"தெரிஞ்சா போதாதுங்க. திரும்பிப் பாக்கணும்."

ஒருமுறை அடி அண்ணாமலை பக்கம் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் இப்படிச் சொல்லப்போய், அவர் மூஞ்சியைச் சுளித்து, "நீ மொதல்ல உன் வேலையப் பாரும்மா" என்று எரிந்து விழுந்தார். எங்களுக்கு மானம் போயிற்று. அத்தைக்குப் போகவில்லை. அந்தச் சிறுவன் ஓடி வந்து அப்பாவின் விரலைப் பிடிக்கும்வரை அங்கேயே நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

இதையெல்லாம் நாங்கள் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் கதை. ஏதோ ஒரு தேசத்துப் பெண் மாடி அறையைக் காலி செய்யும்போது, கெட்டி அட்டை போட்ட ஒரு படப் புத்தகத்தை விட்டுப் போயிருந்தாள். கிரேக்க நாட்டுச் சாமிகள், ரோமாபுரிச் சாமிகள் கதைகள், சின்னப் பிள்ளைகளுக்காக எழுதியது. அத்தை பி.யூ.சி. வரை படித்தவர். மாமாவின் பழைய அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி முதலில் தானே படிப்பார். பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களுக்குச் சொல்வார். கீழ்பென்னாத்தூரில் இருக்கும் அவருடைய தம்பி, விதைக்கு உரிப்பதற்காக மல்லாட்டை மூட்டை அனுப்பிவைப்பார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது. நாங்கள் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து தரையில் தட்டித் தட்டி உரிக்க வேண்டும், அவர் கதை சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. உரித்ததில் பாதி எங்கள் வாய்க்குள் போனதை அவர் கண்டுகொண்டதில்லை.

அவர் சொன்ன விதத்தில் அந்தச் சாமிகளெல்லாம் எங்கள் தெருவுக்கே குடிவந்துவிட்டார்கள்.

"நம்ம ஊர்ல மலையே சாமி. அங்க அப்படி இல்ல. சாமிங்க எல்லாம் ஒரு மலை மேல குடியிருக்குதுங்க. ஒண்ணுக்கொண்ணு ஆவாது. எப்பப் பாத்தாலும் சண்டை. அதே சாமிங்க ரோமாபுரிக்குப் போனா வேற பேர வெச்சிக்கும்."

ஜூபிடரும் மெர்குரியும் பரதேசி வேஷத்தில் வந்து வீடு வீடாக இடம் கேட்ட கதை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். எல்லாரும் கதவைச் சாத்த, ஒரு ஏழைக் கிழவனும் கிழவியும் மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்ட கதை. "அதனாலதான் நான் அழுக்குத் துணியோட வர்ற வெள்ளக்காரனக்கூட இன்னா ஏதுன்னு கேக்கறதில்ல. எவன் ஜூபிடர்னு யாருக்குத் தெரியும்?" என்பார்.

ஒவ்வொரு கதை முடிவிலும் ஒரு கேள்வி உண்டு.

"சொல்லுங்க, யார் மேல தப்பு?"

நாங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்குத் தண்டனை கொடுக்க ரொம்பப் பிடிக்கும். திறக்காதே என்று சொன்ன ஜாடியைத் திறந்து உலகத்துக்கே நோயையும் கஷ்டத்தையும் அவிழ்த்துவிட்ட பண்டோராவுக்கு, பக்கத்து வீட்டு பர்வீன் தூக்குத் தண்டனையே கொடுத்தாள். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "கையில குடுத்துட்டுத் தொறக்காதேன்னா எப்படிடி? குடுத்தவனக் கேளுங்க" என்று பண்டோராவுக்கு வக்கீலாக வந்துவிட்டார். எல்லாக் கதையிலும் இதே வழக்கம்தான். அப்பனின் சூரியத் தேரை ஓட்டிப் பார்த்து ஊரைக் கொளுத்தியவனுக்கும் மன்னிப்பு, தொட்டதெல்லாம் தங்கமாகட்டும் என்று வரம் கேட்டுவிட்டுச் சோற்றுக்கு அழுத ராஜாவுக்கும் மன்னிப்பு. குற்றவாளி யாராக இருந்தாலும் அத்தை காப்பாற்றிவிடுவார். நாங்கள் விடாமல் எதிர்வாதம் செய்தால் குரல் இறங்கி, "பாவம்டி, வேணும்னா செஞ்சாங்க?" என்று கெஞ்சுவதுபோல் கேட்பார். எங்களைப்போன்ற வாண்டுகளிடம் எதற்கு இப்படிக் கெஞ்சுகிறார் என்று அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

மெழுகுச் சிறகு கட்டிக்கொண்டு அப்பாவோடு பறந்த இகாரஸ் கதையில் மட்டும் கேள்வி வரவில்லை. பையன் சூரியனுக்குக் கிட்டே போய், மெழுகு உருகி, கடலில் விழுந்தான். முன்னால் பறந்துகொண்டிருந்த அப்பா அப்புறம்தான் திரும்பிப் பார்த்தான். அத்தை முறத்தை எடுத்து, காற்றுக்கூட இல்லாத அந்த மத்தியானத்தில் தோலைப் புடைக்க ஆரம்பித்தார். "யார் மேல தப்பு அத்தை?" என்று நாங்களே கேட்டோம். "நேரமாச்சு, வீட்டுக்குப் போங்க" என்றார்.

ஆர்ஃபியஸ் கதையை எங்களுக்குப் பிடித்த கதை என்று நாங்களே கேட்டு வாங்குவோம். பாட்டுக்காரன் அவன். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே பெண்டாட்டி யூரிடிசி பாம்பு கடித்துச் செத்துப்போகிறாள். அவன் பாதாள லோகத்துக்கே இறங்கிப் போய்ப் பாடுகிறான். எமன் மனசு இளகி, "கூட்டிட்டுப் போ. அவ உன் பின்னாலயே வருவா. ஆனா வெளிச்சத்துக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் திரும்பிப் பாக்கக் கூடாது" என்கிறான். இந்த இடத்தில் அத்தை உரிப்பதை நிறுத்திவிடுவார்.

"நடக்கறான், நடக்கறான். பின்னால காலடிச் சத்தம் கேக்குது. அப்புறம் கேக்கல. அவளுக்குக் கால் இடறிடுச்சு. ஏங்கன்னு கூப்பிடறா. எமன் சொன்ன சொல்லு ஞாபகம் இருக்கு அவனுக்கு. ஆனா கூப்பிடறா இல்ல? திரும்பிட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? ஓடிப்போய்க் கையப் புடிச்சான். தூக்கி வுட்டான். ரெண்டு பேரும் வெளிய வந்துட்டாங்க. எமனே வெக்கப்பட்டுப் போனான், இப்படி ஒரு சட்டம் போட்டோமேன்னு."

நாங்கள் கை தட்டுவோம். பர்வீன் இங்கிலீஷ் மீடியம். ஒருநாள் அந்தப் புத்தகத்தைத் தானே எடுத்துப் புரட்டியவள், அந்தக் கதையின் கடைசிப் படத்தில் விரலை வைத்தாள். திரும்பிப் பார்க்கும் ஆண். புகைக்குள் இழுபட்டுப் பின்னால் போகும் பெண். அவள் கை மட்டும் நீண்டிருக்கிறது.

"அத்தே, இதுல அவ திரும்பப் போயிடறாளே? திரும்பிப் பாத்ததாலதான் போயிட்டான்னு எழுதியிருக்கு."

அத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "தப்பா எழுதிட்டான்" என்றார்.

அச்சடித்த புத்தகமே தப்பு என்று சொல்லக்கூடிய ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்கு அத்தை மேல் எனக்கு ஏற்பட்ட மரியாதை கொஞ்சநஞ்சமல்ல.

அந்த வருஷம் என் தம்பிக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. நாலு வயசுப் பயல். அம்மா மருந்து வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். வீட்டில் ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மா. "கண்ணு பட்டிருக்குது, ஒண்ணுமில்ல" என்று பெரியம்மா தம்பியை உட்காரவைத்து, உப்பும் மிளகாயும் எலுமிச்சம்பழமும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தாள்.

"முச்சந்தில போட்டுட்டு நேரா வா. திரும்பிப் பாக்காத. பின்னால யார் கூப்ட்டாலும் பாக்காத. பாத்தா அத்தினியும் அவன் மேலயே திரும்பி வந்துடும்."

எங்கள் தெரு செங்கம் ரோட்டில் போய்ச் சேரும் இடம்தான் முச்சந்தி. விளக்கு வைக்கும் நேரம். பொட்டலத்தை வீசிவிட்டுத் திரும்பி நடந்தேன். தம்பி எனக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்து, ஓரத்தில் நின்ற மாட்டு வண்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான். நான் அவனைத் தாண்டிவிட்டேன்.

"அக்கா!"

நான் திரும்பவில்லை. பெரியம்மா சொன்னது காதிலேயே நின்றது. திரும்பினால் அவனுக்குத்தான் ஆகாது.

"அக்கா!"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு ஆர்ஃபியஸ் ஞாபகம்தான் வந்தது. கூப்பிடுகிறாள் இல்லையா, திரும்பிவிட்டான். நானும் திரும்பினேன். தம்பி வண்டி மறைவிலிருந்து வெளியே வந்து ரோட்டின் நடுவில் குந்தியிருந்தான். பெங்களூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் சாக்கடை ஓரம் விழுந்தோம். முட்டியில் சிராய்ப்பு. அவ்வளவுதான்.

பெரியம்மா நான் திரும்பியதற்குத் திட்டினாள். எனக்கு உறைக்கவே இல்லை. என் மனசு முழுக்க ஒரே அவசரம், இதை அத்தையிடம் சொல்ல வேண்டும். அவர் கதைதான் தம்பியைக் காப்பாற்றியது. புத்தகம் தப்பு, அத்தைதான் சரி. காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

அத்தை மாடியறைக்காரர்களுக்கு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கச் சொன்னேன். பொட்டலம், முச்சந்தி, பஸ் எல்லாம். அவர் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"கூப்ட்டானா?"

"ஆமா அத்தே. ரெண்டு வாட்டி."

"மொத வாட்டியே திரும்பிட்டியா?"

"இல்ல அத்தே. மொத வாட்டி பயம். ரெண்டாவது வாட்டி திரும்பிட்டேன். நீங்கதான சொன்னீங்க, ஆர்ஃபியஸ் திரும்பினான்னு."

கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அத்தை மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். மாவு வழிந்து புடவையில் ஒழுகியது. "ரெண்டாவது வாட்டி" என்றார். "இத்தினியூண்டு பொண்ணு நீ." என் முகத்தைப் பார்த்த அந்தப் பார்வையில் சந்தோஷம் துளிகூட இல்லை. எனக்கு என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமலே அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "போயும் போயும் அவங்ககிட்டயாடி சொன்ன?" என்றாள். அன்றைக்குத்தான் மீதியைச் சொன்னாள்.

அத்தையின் மகன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. புது உடுப்பில் ராஜா மாதிரி இருந்தானாம். தெருவே பார்த்ததாம். சாயந்திரம் லேசாக உடம்பு சுட, சுற்றிப் போடச் சொன்னதே என் அம்மாதான். அத்தை எலுமிச்சம்பழத்தைச் சுற்றி எடுத்துப்போய் அதே முச்சந்தியில் போட்டுவிட்டுத் திரும்பி நடந்திருக்கிறார். பையன் அவருக்குத் தெரியாமல் பின்னால் போயிருக்கிறான். அம்மா பழத்தைத் தவறவிட்டுவிட்டாள் என்று நினைத்து, அதை எடுக்க ரோட்டில் இறங்கியிருக்கிறான். எடுத்துக்கொண்டு, "அம்மா, பழம்!" என்று கூப்பிட்டிருக்கிறான். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. அத்தை திரும்பவில்லை. திரும்பினால் பிள்ளைக்கு ஆகாது என்றுதானே போட்டுவிட்டு வந்தார்? லாரிச் சத்தம் கேட்டுத்தான் திரும்பியிருக்கிறார்.

"யாரா இருந்தாலும் திரும்பியிருக்க மாட்டாங்கன்னு சொல்லிச் சொல்லித்தான்டி அவங்கள உசுரோட வெச்சிருக்கோம்" என்றாள் அம்மா.

அந்தப் பேச்சைத்தான் நான் காலங்கார்த்தாலே போய் உடைத்துவிட்டு வந்திருந்தேன். யாராக இருந்தாலும் திரும்பியிருக்க மாட்டார்கள். எதிர்வீட்டுப் பத்து வயசுப் பெண் திரும்பிவிட்டாள். நான் செய்தது தப்பில்லை என்று எனக்குத் தெரியும். தம்பி இன்று ஓசூரில் குடும்பம் குட்டியோடு இருக்கிறான். ஆனாலும் அவன் சிரிக்கும்போதெல்லாம், மாவு ஒழுகிய அந்தப் புடவைதான் என் கண்ணில் படுகிறது. சரியான காரியம் செய்துவிட்டு ஒருவர் முன்னால் தலைகுனிந்து நிற்கும் நிலைமை எதிரிக்கும் வரக் கூடாது.

அதற்குப் பிறகு கதை இல்லை. மல்லாட்டை மூட்டை வந்தது. நாங்களும் போய் உட்கார்ந்தோம். "எல்லாம் மறந்துபோச்சுடி" என்றார். புத்தகத்தை பர்வீனுக்குக் கொடுத்துவிட்டார். என்னிடம் முகம் கோணியதே இல்லை. எப்போதும்போல வெல்லம் வைத்துக் கொடுப்பார். தலை பின்னிவிடுவார். நான்தான் அவர் கண்ணைப் பார்க்க முடியாமல், கூப்பிட்டாலொழிய அந்த வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

கல்யாணமாகி நான் வேலூருக்குப் போய், எனக்கும் ஒரு பெண் பிறந்து, அவளும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒரு லீவில் அவளை அத்தை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். தெரு அடையாளமே தெரியவில்லை. வெள்ளைக்காரர்களுக்கென்று காப்பிக் கடைகள், ரொட்டிக் கடைகள். மாமா தவறிவிட்டிருந்தார். அத்தைக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கூடத்தில் அதே படம், புது மாலை. தரையில் மல்லாட்டை. இந்தத் தடவை ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தேன்.

என் பெண்ணுக்கு வாய் ஓயாது. "பாட்டி, கதை சொல்லுங்க" என்றாள்.

"எனக்கு எதுவும் தெரியாது பாப்பா. நீ சொல்லு, நான் கேக்கறேன்."

பள்ளிக்கூட லைப்ரரியில் அவள் படித்திருந்த கதை எதுவாக இருக்க வேண்டும்? நான் தடுப்பதற்குள் பாட்டுக்காரன் பாதாளத்துக்கு இறங்கிவிட்டான். எமன் சட்டம் போட்டான். அவன் திரும்பிப் பார்த்தான். அவள் புகையாகப் போய்விட்டாள். கதை முடிந்தது.

அத்தை உரித்துக்கொண்டே கேட்டார். பிறகு, இத்தனை வருஷம் கழித்து, அந்தப் பழைய கேள்வியைக் கேட்டார்.

"யார் மேல தப்பு பாப்பா?"

"அவன் மேலதான் பாட்டி. திரும்பாதன்னு சொன்னா திரும்பக் கூடாது இல்ல? சொன்னபடி நடந்திருந்தா அவ பொழைச்சிருப்பா."

"சொன்னபடி நடந்தா" என்றார் அத்தை. அடுத்த மல்லாட்டையை எடுத்துத் தரையில் தட்டினார்.

குழந்தையை மாடிக்கு மலை பார்க்க அனுப்பினேன். அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கை மல்லாட்டை அள்ளிக்கொண்டேன்.

"அத்தே, அன்னிக்கு நான் திரும்பினேன்னா, அது நீங்க சொன்ன கதையாலதான். இல்லன்னா நானும் திரும்பியிருக்க மாட்டேன். எனக்கு நீங்க சொன்னீங்க. உங்களுக்கு யாரும் அந்தக் கதையைச் சொல்லலையே அத்தே. உங்க மேல இன்னா தப்பு?"

சொல்லி முடித்ததும் எனக்குப் பெரிய பாரம் இறங்கினாற்போல் இருந்தது. அத்தை என் கையைத் தட்டிக்கொடுத்தார். நான் ஏதோ சின்னக் குழந்தை மாதிரியும், என்னைத்தான் தேற்ற வேண்டும் என்பது மாதிரியும்.

"கதை எதுக்குடி?" என்றார். "அவன் கூப்ட்டது என் காதுல வுழுந்துச்சு. ரெண்டாவது வாட்டியும் வுழுந்துச்சு."

மாடியிலிருந்து என் பெண் இறங்கி வரும் சத்தம் கேட்டது. அத்தை எழுந்து படிக்கட்டுக்குக் கீழே போய், கடைசிப் படி வரை பார்த்தபடி நின்றார்.

கிளம்பும்போது ஒரு பை மல்லாட்டை கொடுத்தார். "பாப்பாவ முன்னால வுட்டு நட" என்றார். அப்படியே நடந்தோம். முச்சந்தி வந்தது. அத்தை உள்ளே போயிருக்க மாட்டார் என்று தெரியும். எனக்கு மனசு கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டதும் பதறிப்போய், தன்னைப் பார்க்காதே, குழந்தையைப் பார் என்று கையை வீசி வீசிக் காட்டினார்.